திருகோணமலை மரமும் துறைசூழ் காடும்

திருகோணமலையின் பெருமை கூறப்புகுவோர் அதன் துறைமுகத்தையே முதற்கண் எடுத்துரைப்பர். ஆழ்ந்து அகன்று, குன்றுகளால் அரண்செய்யப்பெற்று, பெருங்கலங்கள் அச்சமின்றித் தங்குதற்கேற்ற அத்துறையின்பொருட்டுப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராகப் பொருதமை யாவரும் அறிந்ததே. ஆயினும், அத்துறையைச் சூழ்ந்து நின்ற காட்டின் வரலாறு அத்துணை எடுத்தோதப்பெறவில்லை. கோட்டையைக் கைக்கொண்டோர் பெயர்களை மாணவர் நிரல்படச் சொல்வர். இவ்வூரின் பெயரைத் தன் பெயராகத் தாங்கிக் கடல்கடந்து சென்ற மரம் யாது என வினவின் விடை பகர்வோர் சிலரே. துறையின் வரலாறும் காட்டின் வரலாறும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை விடுத்து மற்றொன்றை முற்ற உணர்தல் இயலாது.

திருகோணமலைப் பகுதி ஈழத்தின் உலர்வலயத்தைச் சார்ந்தது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரையுள்ள காலத்திலேயே மழையின் பெரும்பகுதி பெய்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலையும் வறட்சியையும் தாங்கவல்ல மரங்களே இங்கு நிலைபெறும். பாலை, வீரை, முதிரை, கருங்காலி, சாவண்டலை என்பன அவற்றுட் சிறந்தவை. ஆற்றோரங்களில் மருது ஓங்கி நிற்கும். இம்மரங்கள் மெல்ல வளர்வன. ஆதலின் அவற்றுட் பல வயிரம் பாய்ந்து, நீருக்கும் கறையானுக்கும் எளிதில் இடங்கொடாதனவாயின. காட்டின் செல்வமும் காட்டின் கேடும் இவ்வொரு பண்பினின்றே தோன்றின எனலாம்.

இக்காட்டைக் கன்னிக்காடு என்று கருதுதல் பொருந்தாது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலைமீது பாடிய பதிகத்திற் புன்னையும் வேங்கையும் செண்பகமும் நிறைந்த பொழில்கள் கூறப்படுகின்றன. பொழில் என்பது மனிதர் பேணி வளர்க்குஞ் சோலை. அதற்கப்பால் வயலும் குளமும் ஊரும் இருந்தன. கந்தளாய்க் குளத்தைக் கோயிலின் வயல்களுக்கு நீர்பாய்ச்சுமாறு குளக்கோட்டன் கட்டுவித்தான் எனக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறும். பாளி வரலாற்று நூல்களோ அதனைச் சிங்கள மன்னர் பணியாகக் காட்டும். கட்டியவர் யாவராயினும், காட்டை வயலாக்கிய பெருமுயற்சி ஒன்று இந்நாட்டில் நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. குளங்கள் உடைந்து குடிகள் பெயர்ந்த காலத்திற் காடு மீண்டும் வந்து தன் நிலத்தைக் கவர்ந்துகொண்டது.

இதற்குத் தக்க சான்று பெரியகுளத்தின் அருகே உள்ள வெல்கம் விகாரையாகும். நாதனார் கோயில் எனத் தமிழ்மக்களால் வழங்கப்பட்ட இப்பௌத்தப் பள்ளி, சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றிருந்தது. அதற்கு அளிக்கப்பெற்ற கொடைகளை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள் குறிக்கின்றன. சைவப் பேரரசின் ஆட்சியிற் பௌத்தப் பள்ளியொன்று தமிழ்மொழியிற் கொடை பெற்ற இவ்வரிய செய்தியைப் பல நூற்றாண்டுகளாகக் காடே மூடி வைத்திருந்தது. 20ஆம் நூற்றாண்டிலே தொல்லியற் றிணைக்களத்தார் மரங்களையும் புதர்களையும் நீக்கியபின்னரே அது முழுமையாக வெளிப்பட்டது. காடு அழித்ததும் உண்டு. காத்துத் தந்ததும் உண்டு.

இனி, பிறநாட்டார் இக்காட்டை எவ்வாறு கண்டனர் என்பதை நோக்குவாம். 1659ஆம் ஆண்டு மசூலிப்பட்டினக் கரையிற் புயலிலகப்பட்டுப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கலம், புதிய பாய்மரம் பொருத்தும் நோக்குடன் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அதன் தலைவரும், அவர்தம் மகன் றொபேட் நொக்ஸும், மாலுமிகள் சிலரும் கண்டியரசன் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். மகன் 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து, 1681இல் இலங்கையைப் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். மேலைநாட்டார்க்கு ஈழத்தை விரிவாக அறிமுகஞ்செய்த அந்நூலின் பிறப்பிற்கு, முறிந்த பாய்மரம் ஒன்று காரணமாயிற்று.

ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக்காலத்தில், 1786ஆம் ஆண்டு, திருகோணமலைத் தளபதியாயிருந்த வான் சென்டன் என்பார் இம்மாவட்டத்தின் பற்றுக்களைச் சுற்றிவந்து நாட்குறிப்பு ஒன்று எழுதினார். கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் ஆகிய பகுதிகளின் ஊர்களையும் வேளாண்மையையும் அறிதல் அவர் நோக்கமாயிருந்தது. கோட்டைக்கு வெளியேயுள்ள நாட்டுப்புறத்தைத் துறையின் தலைவர் ஒருவர் நேரிற் கண்டு எழுதிய குறிப்பாதலின் அது பெருமதிப்பிற்குரியது. கலங்களுக்குத் துறை வேண்டும். துறையிலுள்ளார்க்குச் சோறு வேண்டும். சோற்றுக்குக் குளமும் குளத்திற்குக் காடும் வேண்டும் என்னும் தொடர்பை அவர் பயணம் உணர்த்துகின்றது.

நிற்க. இக்காட்டின் மரங்களுள் உலகறியப் புகழ்பெற்றது சாவண்டலையேயாகும். சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் இம்மரம் ஆங்கில வணிகரிடையே 'திருகோணமலை மரம்' எனவே வழங்கிற்று. இதய வடிவான இலைகளையும், காற்றிற் சுழன்று பரவுதற்கேற்ற ஆறு சிறகுகளையுடைய காய்களையும் உடையது. சென்னைப் பகுதியின் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் றொக்ஸ்பேர்க், சென்னையில் மருத்துவராயிருந்த அன்றூ பெரி என்பாரின் நினைவாக இதன் இனத்திற்குப் 'பெரியா' எனத் தாவரவியற் பெயர் சூட்டினார். தென்னிந்தியாவிலும் தென்கிழக்காசிய நாடுகளிலும் இது வளர்வதுண்டு. ஆயினும் ஏற்றுமதியான துறையின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

இம்மரத்தைச் சென்னை வேண்டிநின்றதன் காரணம் சிந்திக்கத்தக்கது. 1870களிற் செயற்கைத் துறைமுகப் பணிகள் தொடங்கும்வரை சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கப்பால் நங்கூரமிட, ஆட்களும் பொருள்களும் அலைகளைக் கடந்து கரைசேர வேண்டியிருந்தது. ஆணியடித்து இறுக்கிய வன்படகுகள் அவ்வலைகளின் மோதலிற் பிளந்துபோகும். ஆதலின் பலகைகளைக் கயிற்றினால் தைத்து, அலைக்கேற்ப வளைந்துகொடுக்கும் மசூலாப் படகுகளை அக்கரையோர் பயன்படுத்தினர். இலேசாகவும் உறுதியாகவும் வளைந்தும் முறியாததாகவும் உள்ள சாவண்டலைப் பலகை அப்படகுகளுக்கு ஏற்றதாயிற்று. எமேர்சன் ரெனென்ற் என்பார் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இச்செய்தி குறிக்கப்பட்டுள்ளது. சாராயப் பீப்பாய்களும் வண்டியுறுப்புக்களும் இம்மரத்தாற் செய்யப்பட்டன. துறையில்லாத நகரொன்று, தலைசிறந்த துறையொன்றின் காட்டைக்கொண்டு தன் வணிகத்தை நடத்தியது என்பது வரலாற்றின் வியப்புக்களுள் ஒன்று.

இதற்கு மறுதலையாக, 1782இல் இத்துறையருகே நடந்த கடற்போரின் நினைவாகப் பெயர்பெற்ற 'திருகோணமலை' என்னும் ஆங்கிலப் போர்க்கலம், 1817இல் பம்பாயில் தேக்குமரத்தாற் கட்டப்பெற்றது. அது இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் இன்றும் பேணப்படுகின்றது. ஊர்ப்பெயர் தாங்கிய அக்கலத்தைக் காண மக்கள் திரள்கின்றனர். ஊர்ப்பெயர் தாங்கிய மரத்தையோ அவ்வூராரே மறந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியிற் காடு அரசின் உடைமையாகக் கருதப்பட்டது. உரிமை நாட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என 1840ஆம் ஆண்டின் சட்டம் கொண்டது. வேண்டுமட்டும் மரம்வெட்டிய பின்னரே காத்தல் பற்றிய எண்ணம் பிறந்தது. 1885இலும் 1907இலும் காட்டுச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. சேனை செய்து வாழ்ந்த குடியானவனுக்கு இச்சட்டங்கள் இடர் விளைத்தன. எனினும், நல்ல மரங்கள் நெடுங்காலம் வணிகத்தின்பொருட்டு வீழ்த்தப்பட்டமையை நோக்குங்கால், காட்டின் குறைவுக்கு அவனையே காரணமாகக் கூறுதல் நேர்மையாகாது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அல்லையிலும் கந்தளாயிலும் நடைபெற்ற குடியேற்றத் திட்டங்களாற் பெருங்காட்டுப் பரப்பு மீண்டும் வயலாயிற்று.

துறையை ஒட்டிய காடு தப்பியமைக்குக் காரணம் வேறு. கடற்படைத் தளத்திற்கு நன்னீர் இன்றியமையாதது. நீரைத் தருவது மரஞ்செறிந்த நீர்பிடி நிலம். எனவே அந்நிலத்திற் கோடரி புகாமற் றடுக்கப்பட்டது. 1957இல் ஆங்கிலக் கடற்படை நீங்கியபின், 1963இல், ஏறத்தாழ 18,000 ஹெக்டேயர் பரப்பு 'நேவல் ஹெட்வேர்க்ஸ்' என்னும் பெயருடன் சரணாலயமாக்கப்பட்டது. கடற்படையின் நீர்ப்பணியோடு அந்நிலத்திற்கிருந்த தொடர்பை அப்பெயரே இன்றும் உரைக்கும். துறையினுள் அமைந்த பெரிய சோபர் தீவும் சிறிய சோபர் தீவும் அவ்வாண்டிலேயே சரணாலயங்களாயின. 1920களிலும் 1930களிலும் சீனன்குடாவில் நூறளவாகக் கட்டப்பெற்ற எண்ணெய்த் தாங்கிகளுட் பலவற்றையும், அவை பயனற்றுக் கிடந்த காலத்திற் காடு சூழ்ந்துகொண்டது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் மக்கள் பெயர்ந்த ஊர்களிலும் மரங்கள் முளைத்தன. அக்காட்டின் பசுமை மகிழ்ச்சிக்குரியதன்று. அதனடியிற் கிணறுகளும் வீட்டுநிலங்களும் கிடந்தன.

அநுராதபுர வீதிவழியே நகரைவிட்டு நீங்குவோர் சிறிது தொலைவிலேயே இவ்வரலாற்றினைக் கண்ணாரக் காணலாம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும், அவற்றிற்கப்பால் பெரியகுளமும், வெல்கம் விகாரையும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வழிநெடுகச் செறியும் மரங்களிடையே பறவையொலியன்றிப் பேரொலி கேட்பது அரிது. அவ்வமைதியிற் சிதைந்த செங்கல்லும் உடைந்த குளக்கட்டும் மூடிய தடமும் கற்பார்க்கு ஏடுகளாகும். ஆவணக்களரியில் ஓர் ஏட்டைக் கிழிப்பதை எவரும் பொறார். ஆனால் வயிரமேறிய முதிரையொன்று வீழ்த்தப்படும்போது பலரும் வாளாவிருக்கின்றனர். கோட்டை சிதையின் மீண்டும் கட்டலாம். நூறாண்டு நின்ற மரத்தை மீண்டும் பெறுதற்கு நூறாண்டே வேண்டும்.

திருகோணமலை மாணவர் தம்மூரின் பெயர்தாங்கிய மரத்தை இலைகண்டும் காய்கண்டும் அறிந்துகொள்ளுதலும், கல்லூரி வளவுகளில் அதனை நட்டு வளர்த்தலும் இயலாத செயல்களல்ல. வரலாறு கற்பதன் பயன் இறந்தோர் பெயரை ஒப்புவித்தலோடு அமையாது. நிற்பதை அறிந்து காத்தலும் அதன் பயனேயாம்.