லாரா பாஸி: பாராட்டும் பணியும்

ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஊதியத்துடன் பேராசிரியப் பதவி பெற்ற முதற் பெண்மணி என அறியப்படுபவர், இத்தாலியின் பொலோஞா நகரத்து லாரா பாஸி (1711-1778) ஆவார். அவர் எய்திய சிறப்புகளை அடுக்கிக் கூறுதல் எளிது. அச்சிறப்புகள் அவருக்கு எவற்றை வழங்கின, எவற்றை மறுத்தன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

வழக்கறிஞர் ஒருவரின் மகளாகப் பிறந்த லாராவுக்குக் கல்வி வீட்டிலேயே வாய்த்தது. குடும்ப மருத்துவராக வந்த பேராசிரியர் கயெட்டானோ தக்கோனி அவருடைய நுண்ணறிவைக் கண்டு வியந்து, மெய்யியலும் இயற்கைத் தத்துவமும் பயிற்றுவித்தார். இயற்பியல் அக்காலத்தில் மெய்யியலின் ஒரு கூறாகவே கருதப்பட்டது. நகரப் பேராயர் லம்பெர்த்தினியும் அவருக்கு ஆதரவு நல்கினார்.

1732 ஏப்ரல் 17ஆம் நாள், நகர அரண்மனையில் பேராசிரியர்கள் எதிர்வாதம் புரிய, 49 கருத்துரைகளை நிறுவி லாரா சொற்போர் நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது இருபது. மே மாதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வெள்ளியாலான வாகைமுடி அவர் தலையில் சூட்டப்பெற்றது. அவருக்கு முன் 1678இல் பதுவா பல்கலைக்கழகத்தில் எலேனா கோர்னாரோ பட்டம் பெற்றிருந்தார். எனினும் அவருக்குக் கற்பிக்கும் பதவி கிட்டவில்லை. லாராவுக்கோ அவ்வாண்டிலேயே 500 லீரா ஊதியத்துடன் பேராசிரியப் பதவி கிடைத்தது.

பதவியும் தடையும்

நகரம் அவரைக் கொண்டாடியது. கலைமகளை ஒத்த மினர்வா தேவியின் உருவம் பொறித்த பதக்கம் வார்க்கப்பட்டது. கவிஞர்கள் பாடிய புகழ்ப்பாக்கள் தொகுப்புகளாக அச்சேறின. ஆயினும் நகர ஆட்சிமன்றம் ஒரு வரையறை விதித்தது. பெண் என்பதனால், மன்றம் பணிக்கும்போது மட்டுமே அவர் பொது விரிவுரை ஆற்றலாம் என்பதே அது. விழாக்காலங்களில் நிகழும் உடற்கூற்றியல் சொற்போரில் விருந்தினர் முன் அவர் வாதிடல் வேண்டும்; மாணவர்க்கு நாள்தோறும் பாடம் சொல்லுதல் கூடாது. பேராசிரியர் என்னும் பெயர் இருந்தது, வகுப்பறை இல்லை!

1738இல் மருத்துவரும் பேராசிரியருமான ஜியுசெப்பே வெராட்டியை லாரா மணந்தார். பிறந்த மக்கள் எண்மருள் ஐவரே வளர்ந்து ஆளாயினர். மகப்பேறும் இழப்பும் சூழ்ந்த அவ்வாண்டுகளிலும் அவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தாரல்லர். 1745இல், திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஆகிவிட்ட பழைய லம்பெர்த்தினி, அறிவியற் கழகத்தில் 24 சிறப்பு உறுப்பினர்க்கு இடம் அமைத்தார். லாரா முயன்று, இருபத்தைந்தாம் இடத்தைப் பெற்றார். ஆண்டுதோறும் ஆய்வுரை படைக்கும் கடமையும் அதனுடன் வந்தது.

இல்லமே கூடம்

மறுக்கப்பட்ட வகுப்பறையை அவர் தம் இல்லத்திலேயே அமைத்துக்கொண்டார். 1749 முதல் செய்முறை இயற்பியலை அங்குக் கற்பித்தார். நியூட்டனின் ஒளியியலும் இயக்கவியலும் மின்னியலும் கருவிகளின் துணையோடு அங்கு விளக்கம் பெற்றன. பிற்காலத்தில் உயிரியலில் பெரும்பெயர் பெற்ற ஸ்பல்லன்சானி அவர்தம் உறவினர், அவரிடம் பயின்றவர். பல்கலைக்கழகம் தராத செய்முறைப் பயிற்சியை அவ்வில்லம் தந்தது. இதனை உணர்ந்த ஆட்சிமன்றம் அவருடைய ஊதியத்தைக் காலப்போக்கில் 1,200 லீராவாக உயர்த்தியது.

1776இல் அறிவியல் நிறுவனம் அவரைச் செய்முறை இயற்பியற் பேராசிரியராக அமர்த்தியது. கணவர் அவருக்கு உதவியாளரானார். முதற்பதவி பெற்று நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது. 1778 பிப்ரவரி 20ஆம் நாள் அவர் மறைந்தார்.

எஞ்சியவை

லாராவின் ஆய்வுரைகளுள் கழகத் தொகுதிகளில் அச்சேறியவை நான்கே. காற்றின் அழுத்தம், நீரியல், இயக்கவியல் ஆகியன பற்றி ஒவ்வொன்றும், அவர் மறைவுக்குப் பின் 1791இல் வெளிவந்த குமிழிகள் பற்றிய ஒன்றும் அவை. ஏனையவற்றுள் பெரும்பாலானவை தலைப்பளவிலேயே எஞ்சின. அவரைப் பாடிய பாக்களோ நூலாக நிலைபெற்றன. பாடியவர் குற்றம் அன்று இது. பாராட்டியதோடு கடமை முடிந்ததெனக் கருதிய காலத்தின் குற்றம்.

பத்தாம் ஆண்டு மலர் காணும் நம் வட்டத்துக் கவிஞர்கட்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. அறிவிற் சிறந்த பெண்டிரை வாழ்த்திப் பாடுதல் நன்று. அவர்தம் எழுத்தைத் தேடிப் படித்து, அச்சேற்றிக் காத்தல் அதனினும் நன்று.