தேக்குக்குள் சிக்கிய பல்

கோவைப் பட்டறைகளில் வார்ப்புக்கு மர பேட்டர்ன் செய்தே என் காலம் போனது. பம்ப்செட்டின் உறுப்பு எதுவானாலும் முதலில் அது தேக்கில்தான் பிறக்கும். அந்த மர உருவை மணலில் பதித்து எடுத்து, விழுந்த பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். உருவும்போது மணல் உடையாதிருக்கப் பக்கவாட்டில் இம்மியளவு சரிவு கொடுப்போம். அந்தப் பக்கத்தின் நடுவில் தொப்பை விழுந்திருந்தால் மரத்தோடு மணலும் பெயர்ந்து வந்துவிடும். அதனால் ஸ்க்ரோல் சாவில் 2 அங்குலக் கனத் தேக்கை வளைத்து அறுக்கும்போதெல்லாம் என் கண் மெஷினில் இருக்காது, பிளேடில்தான் இருக்கும். மரவேலையின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் மேசையையும் அலமாரியையும் புகழ்ந்துவிட்டு இந்தப் பிளேடைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறை.

இத்தாலியின் உர்பினோ அரண்மனையில் கோமகன் ஃபெடரிகோவுக்கென 1470களில் ஒரு சிறு வாசிப்பறை அமைத்தார்கள். பாதி திறந்த அலமாரிக் கதவு, அதனுள் புத்தகங்கள், இசைக்கருவிகள் என்று சுவரில் தெரிவதெல்லாம் பல நிற மரத்துண்டுகளைப் பதித்துச் செய்த படம். அந்தக் காலத்து இத்தாலியப் பதிப்புவேலை பெரும்பாலும் கத்தி வேலை. பழகிய கை கத்தியால் எதையும் செய்யும். ஆனால் கனத்த கடின மரத்தில் கத்தி வளைந்து இறங்காது.

அடுத்த நூற்றாண்டில் தெற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் முந்திக்கொண்டது. அங்கே 1566இல் செய்த ஒரு அலமாரி, ரேங்கல் அலமாரி என்ற பெயரில் இன்றும் மூன்ஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்மேல் ஓடும் சுருள்களைப் படத்தில் பார்த்தாலே இதற்குப் பின்னால் மெல்லிய ரம்பம் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். கடிகாரத் தொழிலுக்கும் பேர்போன ஊர் அது. எஃகை மெலிதாக்கி, முறியாமல் வளையும்படி பதம் போடத் தெரிந்த கைகள் இருந்த இடத்தில் நுண்ரம்பமும் வளர்ந்தது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம்.

பாரிஸில் ஆந்த்ரே ஷார்ல் பூல் அந்த ரம்பத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1642இல் பிறந்தவர். பதினான்காம் லூயி மன்னர் 1672இல் அவருக்கு லூவ்ர் அரண்மனையிலேயே தங்கிப் பட்டறை நடத்த இடம் கொடுத்தார். பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே கோட்டில் அறுப்பது பூல் வேலையின் முறை. பித்தளைப் பூ ஆமையோட்டிலும், ஆமையோட்டுப் பூ பித்தளையிலும் போய் உட்காரும். ஒரே அறுப்பில் இரண்டு அலங்காரம். மேல் தகட்டில் போன கோடும் அடித்தகட்டில் போன கோடும் ஒன்றாக இல்லாவிட்டால் இரண்டும் பாழ். பேட்டர்ன்காரனின் தொப்பைக் கவலை அவருக்கும் இருந்திருக்கும்.

பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் இதற்கென்றே குதிரைபோல் ஏறி உட்காரும் ஒரு பலகை செய்தார்கள். காலால் மிதித்தால் கவ்வி அடுக்கைப் பிடித்துக்கொள்ளும். ரம்பச் சட்டம் கிடைமட்டமாக முன்னும் பின்னும் ஓடும். இழுப்பு நீளம், ஆகவே பிளேடின் பெரும்பகுதி அடுக்குக்கு வெளியே வந்து தூளை உதறிவிட்டுத் திரும்பும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்மிதி ரம்ப இயந்திரங்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் பார்ன்ஸ் கம்பெனி செய்தது. இங்கிலாந்தின் டியரம் ஊரில் ஹாபீஸ் கம்பெனி செய்தது. ஹாபீஸ் 1895இல் ஒரு வாரப் பத்திரிகையே தொடங்கி மாதிரிப் படங்களை அச்சிட்டது. அந்த அலையில் அறுபட்டதில் பெரும்பகுதி மெல்லிய பலகை. பிறகு மோட்டார். 1919இல் மில்வாக்கியில் தொடங்கிய டெல்டா போன்ற கம்பெனிகள் வீட்டுப் பட்டறைக்கென வார்ப்பிரும்பு மெஷின்களைச் செய்தன. அவற்றில் பிளேடின் மேல்முனையை ஒரு ஸ்பிரிங் இழுத்துப் பிடித்தது. அந்த இழுவை ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. 1970களில் ஜெர்மனியின் ஹெக்னர் மெஷின்கள் பிளேடின் இரு முனைகளையும் பிடிக்கும் இரண்டு கைகளும் சேர்ந்தே ஆடும் பழைய கால்மிதி முறைக்குத் திரும்பின. மெல்லிய பிளேடு சீரான விறைப்போடு நின்றது. அதை நான் பெரிய முன்னேற்றம் என்பேன்.

ஆனால் மோட்டார் வந்ததில் ஒன்று போயிற்று. இன்றைய மெஷினில் பிளேடு ஒரு தடவைக்கு ஏறி இறங்குவது சுமார் முக்கால் அங்குலம்தான். மரத்தின் கனமோ 2 அங்குலம். நடுவில் இருக்கிற பல் ஒருபோதும் மரத்தை விட்டு வெளியே வராது. அது அரைத்த தூள் அங்கேயே கிடந்து மறுபடி அரைபடும். சூடேறும், மரம் கருகும். பதம் போன பிளேடு வில்லாக வளையும். மேலும் கீழும் கோடு சரியாக இருக்க, நடுவில் தொப்பை விழுவது இப்படித்தான். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் பல் இன்னும் சீக்கிரம் மழுங்கும்.

ஆகவே கனத்த மரத்துக்கு நிறையப் பல் வேண்டும் என்று நினைப்பது தவறு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் தூள் தங்க இடம்தான் வேண்டும். ஒரு பல் விட்டு ஒரு பல் வெட்டிய பிளேடுகள் அதற்காகவே இருக்கின்றன. 5ஆம் நம்பர் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலம். முக்கால் அங்குலப் பலகைக்கு அது போதும். 12ஆம் நம்பர் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அங்குலத்துக்குப் பத்துப் பல்லுக்கும் குறைவு. அடியில் சிலும்பாமலிருக்கக் கடைசிச் சில பற்களைத் தலைகீழாக வெட்டிய பிளேடும் உண்டு. மெல்லிய பலகைக்கு அது அருமை. கனத்த கட்டையிலோ அந்தப் பற்கள் தூளை மறுபடி உள்ளேயே தள்ளுவதால் நான் அதைத் தொடுவதில்லை. மில்லிங் செய்து வெட்டிய பிளேடில் ஒரு பக்கம் பிசிறு நிற்கும். அது கோட்டை வலப்பக்கம் இழுக்கும். மரத்தைச் சற்றுத் திருப்பிப் பிடித்துத் தள்ளினால் நேராகப் போகும். சாணை பிடித்த பிளேடில் இந்த இழுப்பு குறைவு, விலை கூட.

2 அங்குலத் தேக்கோ ஈட்டியோ அறுக்கப் போகிறவர்கள் மெஷின் விலையைக் கேட்கும் முன் 9ஆம் நம்பரும் 12ஆம் நம்பரும் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் டஜன் கணக்கில் வாங்கி வையுங்கள். மரத்தைத் தள்ளக் கை அழுத்தம் கூடுகிறது என்று தெரிந்தால் பிளேடு முறியும்வரை காத்திராமல் அப்போதே மாற்றிவிடுங்கள்.