ஓவ்சைட் விதியும் அதன் விலக்குகளும்

உதைபந்தாட்டத்துக்குரிய விதிகள் பதினேழு. அவற்றுள் பதினோராவதாக நிற்பது ஓவ்சைட் விதி. மற்றைய விதிகளை ஓர் ஆட்டம் பார்த்த அளவில் சிறுவனும் விளங்கிக்கொள்வான். இவ்விதியோ பல்லாண்டு ஆடியவரையும் மயங்க வைப்பது. மயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதனைச் சூழ்ந்து நிற்கும் விலக்குகளே. அவை எப்போது, எதன்பொருட்டுச் சேர்க்கப்பட்டன என்பதை அறிந்தால் மயக்கம் பெரிதும் தெளியும்.

சக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும் கணத்தில், எதிரணியின் பாதியிலே, பந்தையும் எதிரணியின் கடைசி இருவருள் முன்னிற்பவரையும் கடந்து, கோலுக்கு அண்மையில் ஒருவர் நிற்பாராயின் அவர் ஓவ்சைட் நிலையில் உள்ளார். விதியின் சாரம் இவ்வளவே. அதன் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பாடசாலைகளிலே கிடக்கின்றது. பந்துக்கு முன்னே சென்று எதிரியின் கோலருகே காத்துக்கிடப்பதை அக்கால மாணவர் இழிவெனக் கருதினர். ஈற்றன் பாடசாலையில் அதற்குப் 'பதுங்கல்' என்னும் பொருள்படும் பெயரே வழங்கிற்று. கள்வன்போல் ஒளிந்துநின்று பெறும் கோல் வீரனுக்கு அழகன்று என்பது அவர்தம் எண்ணம். ஷெபீல்ட் நகரத்தாரோ 1858ஆம் ஆண்டில் வகுத்த தம் விதிகளில் இக்கட்டுப்பாட்டை வைக்கவேயில்லை.

1863ஆம் ஆண்டு இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் நிறுவப்பட்டபோது எழுதப்பட்ட விதி மிகக் கடுமையானது. பந்துக்கு முன்னே நின்ற எவரும் ஆட்டத்துக்குப் புறம்பானவரே. ஆகவே முன்னோக்கிப் பந்தைக் கொடுத்தல் இயலாது. காலடியில் உருட்டிக்கொண்டு ஓடுதலே வழி. எனினும் அக்கடுமையான விதியிலும் ஒரு விலக்கு இருந்தது. கோற்கோட்டின் பின்னிருந்து பந்து உதைக்கப்படும்போது எவரும் ஓவ்சைட் ஆகார். இதனை இரக்கத்தால் வந்த சலுகை என்று கொள்ளலாகாது. பந்து கோட்டுக்குப் பின்னே இருக்கையில் அணியினர் அனைவரும் அதற்கு முன்னேதான் நிற்க இயலும். விலக்கு இல்லையேல் ஆட்டமே தொடங்காது. இன்றைய கோல் உதை விலக்கின் மூலம் அதுவே.

1866இல் விதி தளர்ந்தது. எதிரணியினர் மூவரேனும் தமக்கு முன்னே இருப்பின் ஒருவர் பந்தைப் பெறலாம் என்றாயிற்று. பந்தைக் கைமாற்றி ஆடும் நேர்த்தியான ஆட்டம் வளர்ந்தது இதன் பின்னரே. 1880களின் தொடக்கத்தில் மூலை உதைக்கு விலக்குக் கிடைத்தது. ஓவ்சைட் நிலையில் நிற்பது மாத்திரம் குற்றமாகாது, ஆட்டத்தைப் பாதித்தாற்றான் குற்றம் என்னும் விளக்கம் 1903இல் வந்தது. நிற்றல் வேறு, தலையிடல் வேறு என்னும் இப்பாகுபாடு இல்லாவிடின், மைதானத்தின் மறுகோடியில் விழுந்துகிடக்கும் ஒருவருக்காகவும் மத்தியஸ்தர் ஊதல் ஊதவேண்டியிருந்திருக்கும். தம் பாதியில் நிற்பவர் ஓவ்சைட் ஆகார் என்பது 1907இலும், எல்லைக்கோட்டிலிருந்து எறியப்படும் பந்தை நேரே பெறுபவர் ஓவ்சைட் ஆகார் என்பது 1920இலும் சேர்ந்தன.

இவ்வளவு தளர்த்தியும் போதவில்லை. நியூகாசில் கழகத்தின் காப்பாளரான பில் மக்கிரக்கன் என்னும் அயர்லாந்துக்காரர் மூவர் விதியைப் பொறியாக மாற்றினார். ஒரு காப்பாளர் தக்க கணத்தில் முன்னே அடியெடுத்து வைப்பார். எதிரணியின் முன்வரிசையினர் அவ்வளவில் ஓவ்சைட்டில் அகப்படுவர். பொறி பிழைத்தாலும் மற்றொரு காப்பாளரும் கோல் காப்பாளரும் பின்னே இருப்பர். ஆதலின் அதில் ஆபத்துக் குறைவு. நியூகாசில் நிலையத்தில் வந்திறங்கிய வெளியூர் அணியினர் இரயில் காவலரின் ஊதல் கேட்டு, "அதற்குள்ளாகவே ஓவ்சைட்டா!" என்று அலுத்துக்கொண்டனர் என ஒரு வேடிக்கைக் கதை வழங்குகின்றது. பார்ப்போர்க்கு அது வேடிக்கையாயிருக்கவில்லை. ஆட்டம் நடுக்கோட்டைச் சுற்றிய குறுகிய நிலத்தில் நெரிந்து, கோல்கள் அருகின.

1925 ஜூனில், ஸ்கொத்லாந்துச் சங்கத்தின் முன்மொழிவை ஏற்று, 'மூவர்' என்பது 'இருவர்' ஆக்கப்பட்டது. ஒரு சொல்லே மாறியது. எனினும் இப்போது பொறி பிழைத்தால் பின்னே நிற்பவர் கோல் காப்பாளர் ஒருவரே. அவ்வாண்டு ஓகஸ்ட் 29இல், புதிய பருவத்தின் முதல் நாளிலேயே, அஸ்டன் வில்லா பேர்ன்லியைப் பத்துக்குப் பூச்சியம் என்று வென்றது. முந்திய பருவத்தில் இங்கிலாந்து லீக்கில் விழுந்த கோல்கள் 4,700; அப்பருவத்தில் 6,373. ஒக்டோபர் 3இல் நியூகாசிலிடம் ஏழு கோல்கள் வாங்கித் தோற்ற ஆர்சனல் கழகம், சார்ள்ஸ் புக்கனின் யோசனைப்படி நடு ஆட்டக்காரரைப் பின்னே இழுத்து மூன்றாவது காப்பாளராக நிறுத்தியது. ஹேர்பட் சப்மன் பின்னர் பல வெற்றிகளைக் குவித்தது இவ்வமைப்பைக் கொண்டே. விதியைத் திருத்தியவர்கள் கோல்களை விரும்பினர். கிடைத்ததோ கோல்களோடு புதியதொரு காவலுமாம்.

பின்வந்த திருத்தங்களுள் 1990ஆம் ஆண்டுத் திருத்தம் குறிப்பிடத்தக்கது. கடைசி இருவருள் முன்னிற்பவருக்கு நேராக நிற்பவர் அதன்பின் ஓவ்சைட் ஆகார். ஐயத்தின் பயன் தாக்குவோர்க்குச் சென்றது.

விலக்குகளுள் மிகக் கொடியதெனத் தோன்றுவது 2008 ஜூன் 9இல், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் வெளிப்பட்டது. நெதர்லாந்தும் இத்தாலியும் மோதிய ஐரோப்பிய வல்லவர் போட்டி அது. இத்தாலியக் காப்பாளர் பனூச்சி தம் கோல் காப்பாளர் புபோனுடன் மோதுண்டு, கோற்கோட்டுக்கு அப்பால் வீழ்ந்துகிடந்தார். மீண்டு வந்த பந்தை ஸ்னைடர் உதைக்க, வான் நிஸ்டல்ரோய் அதனைக் கோலுக்குள் திருப்பினார். அவருக்கு முன்னே மைதானத்துக்குள் கோல் காப்பாளர் ஒருவரே இருந்தார். ஆயினும் சுவீடன் மத்தியஸ்தர் கோல் வழங்கினார். வெளியே கிடந்த பனூச்சியும் கணக்கில் எடுக்கப்பட்டார். இத்தாலியர் கொதித்தெழுந்தனர். வீழ்ந்தவரைக் காப்பாளராக எண்ணுதல் நியாயமா? மறுபுறம் பார்த்தால் விடை தெளிவு. வெளியே சென்றவரை எண்ணாதுவிடின், ஒவ்வொரு காப்பாளரும் ஓரடி கோட்டுக்கு அப்பால் வைத்து எதிரியை ஓவ்சைட்டில் சிக்கவைப்பார். தீர்ப்பு சரியே, ஆயின் வலியோடு கிடந்தவர்க்கு அது ஆறுதலாகாது.

இன்னொரு விலக்கு, எதிரணியினர் தாமே வேண்டுமென்று ஆடிய பந்தைப் பற்றியது. அத்தகைய பந்தைப் பெறுபவர் ஓவ்சைட் ஆகார். உடலிற் பட்டுத் திசைமாறிய பந்தாயின் ஆவார். 2021 ஒக்டோபர் 10இல் மிலான் நகரில் நடந்த ஐரோப்பிய நாடுகள் லீக் இறுதியாட்டத்தில், எம்பாப்பே ஓவ்சைட் நிலையில் நின்றார். அவரை நோக்கி வந்த பந்தைத் தடுக்க ஸ்பெயினின் எரிக் கார்சியா காலை நீட்டினார். பந்து அவர் காலில் உரசிச் சென்றது. அவர் வேண்டுமென்றே ஆடினார் என முடிவு செய்யப்பட்டது. கோல் நிலைத்தது; பிரான்ஸ் இரண்டுக்கு ஒன்றென வென்றது. தடுக்க முயன்றதே ஸ்பெயினுக்குத் தீங்காயிற்று. முயலாதிருந்தால் கோல் இல்லை! 2022 ஜூலையில் விளக்கம் திருத்தப்பட்டது. பந்து தூரத்திலிருந்து தெளிவாக வந்ததா, அதன் வேகம் எத்தகையது, உடலைச் சமநிலைப்படுத்த அவகாசம் இருந்ததா என்பவற்றை மத்தியஸ்தர் சீர்தூக்கி, காப்பாளர்க்குப் பந்தைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு இருந்ததாவென முடிவு செய்தல்வேண்டும் என்றாயிற்று. நுண்ணிய கமராக்கள் ஓர் அங்குல இடைவெளியையும் காட்டிவிடும். கால் நீட்டியவரின் வாய்ப்பை அளப்பது மட்டும் மத்தியஸ்தரின் கண்ணுக்கே விடப்பட்டுள்ளது.