ஈயம்னா எந்த ஈயம்? மெட்ராஸ் அலுமினியத்தின் கதை

அலுமினியச் சட்டியைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி பித்தளைக்கும் ஈயச் சொம்புக்கும் போங்கன்னு சொல்ற ரீல்ஸ் உங்களுக்கும் வந்திருக்கும். சுமார் 125 வருஷத்துக்கு முன்னாடி இதே மெட்ராஸ்ல ஒரு இன்ஜினியர் நேர் எதிர்த் திசையில வேலை பார்த்தார். பித்தளையும் செம்பும் இருந்த இடத்துல அலுமினியத்தைக் கொண்டு வர்றதுதான் அவரோட திட்டம். இந்த எபிசோடு அவரைப் பத்தினது.

முதல்ல அன்னிக்கு இருந்த சிக்கலைப் பார்த்துடுவோம். செம்பு மாதிரி சூட்டைக் கடத்தற பாத்திரம் கிடைக்காது. ஆனா புளி, தயிர், எலுமிச்சை பட்டா செம்பும் பித்தளையும் களிம்பு பிடிக்கும். அது சாப்பாட்டுல இறங்கினா வாந்தி, வயித்துவலி. அதனாலதான் உள்பக்கம் ஈயம் பூசினாங்க. பாத்திரத்தை நெருப்புல காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவுவாங்க. வெள்ளைப் புகை கிளம்பும், உலோகத்து மேல இருக்கிற அழுக்குப் படலம் போயிடும். அப்புறம் ஈயத்தைத் தேய்ச்சு, பஞ்சால ஒரே இழுப்பு. உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். தேயத் தேய மறுபடி பூசணும். 'பாத்திரத்துக்கு ஈயம் பூசுறதேய்'னு தெருவுல வந்த குரலை உங்க அம்மாகிட்ட கேட்டீங்கன்னா, அந்த ராகத்தோடயே சொல்லிக் காட்டுவாங்க.

இங்கதான் நம்ம மொழியே ஒரு குழி வெட்டி வெச்சிருக்கு. தமிழ்ல ஈயம்ங்கிறது ரெண்டு உலோகத்துக்குப் பொதுப் பேர். வெள்ளீயம், அதாவது டின். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது இது. காரீயம், அதாவது லெட், இது விஷம். வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. ரெண்டையும் கலந்தா இன்னும் சுலபமா உருகும். சுத்தமான டின் 232 டிகிரியில உருகுதுன்னா, சரியான விகிதத்துல லெட் சேர்த்த கலவை 183 டிகிரியிலேயே உருகிடும். காலேஜ் லேப்ல நாம சர்க்யூட் போர்டுல வெச்ச சால்டர் அந்தக் கலவைதான். பூசுறவருக்கு வேலை சுலபம், செலவும் கம்மி. பார்த்து மட்டும் கண்டுபிடிக்கவே முடியாது. குழந்தைங்க மூளை வளர்ச்சிக்கு லெட் எந்த அளவுல போனாலும் பாதுகாப்பு இல்லைன்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இப்போ நம்ம ஆள். ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1888-ல மெட்ராஸ் இன்ஜினியரிங் காலேஜுக்குப் பேராசிரியரா வந்தவர். இன்னிக்கு கிண்டியில இருக்கிற அதே காலேஜ்தான். அப்போ சேப்பாக்கத்துல இருந்தது. அவருக்குக் கலைப் பள்ளியோட பொறுப்பும் வந்தது. பெரியமேடு பக்கம் போனா இப்பவும் பார்க்கலாம், கவின் கலைக் கல்லூரி. 1898-ல அங்கே அவர் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பிச்சார். ஓவியமும் சிற்பமும் கத்துக்கொடுக்கிற இடத்துல சட்டி பானை! எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

ஏன் அலுமினியம்? 19-ஆம் நூற்றாண்டின் நடுவுல அது வெள்ளியை விட விலை கூடின உலோகம். 1886-ல ஹால், ஹெரூல் ரெண்டு பேரும் தனித்தனியா மின்சாரத்தால பிரிக்கிற முறையைக் கண்டுபிடிச்சதும் விலை சரிஞ்சது. எடை செம்புல மூணுல ஒரு பங்குக்கும் கம்மி. சூட்டைக் கடத்தறதுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை விட சுமார் 15 மடங்கு மேல். முக்கியமா, ஈயம் பூசவே வேண்டாம். காத்து பட்டதுமே அதுவே தன் மேல ஒரு ஆக்ஸைடு படலத்தைப் போட்டுக்கும்.

சோதனை ஜெயிச்சது. 1903-ல அந்தத் தொழில் இந்தியன் அலுமினியம் கம்பெனிங்கிற தனியார் கைக்குப் போச்சு. அரசு பணத்துல ஒரு ப்ரோட்டோடைப் பண்ணி, ஓடும்னு தெரிஞ்சதும் வித்துட்டு அடுத்ததுக்குப் போறது; நம்ம பாஷையில இது ஸ்டார்ட்-அப் இன்குபேட்டர். அடுத்து அவர் குரோம் தோல் பதனிடுதல், கைத்தறின்னு போனார். மெட்ராஸ்ல இருந்த ஐரோப்பிய வியாபாரிகளுக்கு இது ரசிக்கலை. அரசாங்கம் எங்களோட போட்டி போடுதான்னு புகார். 1910-ல லண்டன்ல இருந்து இந்தியா மந்திரி மோர்லி பிரபு, அரசு இப்படித் தொழில் நடத்தக்கூடாதுன்னு எழுதிட்டார். 1912-ல சாட்டர்டன் மைசூருக்குப் போயிட்டார். நஷ்டம் மெட்ராஸுக்குத்தான்னு நான் நினைக்கிறேன்.

ஆனா அவர் கொண்டு வந்த உலோகம் வீடு வீடா நுழைஞ்சிடுச்சு. கதை அதோட முடியலை. புளிக்குழம்பை ராத்திரி முழுக்க அலுமினியத்துல வெச்சா அந்த ஆக்ஸைடு படலம் கரையும். அதை விடப் பெரிய சிக்கல் பழைய இரும்புக்கடை வழியா வருது. எந்தெந்த உலோகம் கலந்ததுன்னே தெரியாத கழிவை உருக்கி வார்த்த பாத்திரத்துல லெட் இருக்கலாம். 2025-ல அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டப்போ, பித்தளையோட சேர்த்து இண்டாலியம் பேரையும் சொன்னது. ஈயப் பூச்சே வேண்டாம்னு நாம பிடிச்ச உலோகத்துக்குள்ளேயே இப்போ காரீயம் வந்து உட்கார்ந்திருக்கு.

அப்போ என்ன வாங்கறது? ரசம், சாம்பார், புளிக்குழம்புக்கு எவர்சில்வர். அடிப்பிடிக்கும்னு பயந்தா, அடியில அலுமினியத் தகடு வெச்ச கனமான அடிப்பாத்திரம். உணவைத் தொடுறது ஸ்டீல், சூட்டைப் பரப்புறது அலுமினியம். பால், தண்ணி, டீ கெட்டிலுக்கு நல்ல அலுமினியம் தாராளமா போதும். உள்ளே கறுத்துப் போச்சுன்னு கம்பி நார் போட்டுச் சுரண்டாதீங்க, வாஷிங் சோடா பக்கமே விடாதீங்க. காரம் அலுமினியத்தையே கரைக்கும்.

ஈயச் சொம்பு ஆசை விடலைன்னா, வெள்ளீயம்தான்னு லேப் ரிப்போர்ட் கொடுக்கிற கடையில வாங்குங்க. அடுப்புல காலியா மட்டும் வெச்சிடாதீங்க. 232 டிகிரி, ஞாபகம் இருக்கட்டும். ரசத்தை எவர்சில்வர்ல கொதிக்க வெச்சு, இறக்கினப்புறம் அதுல ஊத்திக்கலாம்.