தாவர எண்ணெயும் குடியேற்ற ஆட்சியும்: ஓர் எரிபொருளின் வரலாறு

தாவர எண்ணெயை எரிபொருளாக்கும் முயற்சி, பெற்றோலிய விலையேற்றத்தின் விளைவாக அண்மையிலே தோன்றியதெனப் பலர் கருதுவர். வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, அம்முயற்சி டீசல் இயந்திரத்தோடு ஏறக்குறைய ஒத்த வயதினதென்பது புலனாகும். அதனை வளர்த்தது விஞ்ஞான ஆர்வம் மட்டுமன்று. குடியேற்ற நாடுகளை ஆண்ட ஐரோப்பிய அரசுகளின் தேவையுமாகும்.

1900 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலே, ஒட்டோ நிறுவனம் வைத்திருந்த சிறிய டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயினால் இயங்கியது. பிரான்சிய அரசின் விருப்பத்திற்கிணங்கவே இப்பரிசோதனை நிகழ்ந்தது. நிலக்கடலை மிகுதியாக விளைந்த ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகள், எரிபொருளை இறக்குமதி செய்யாது தம் தேவையைத் தாமே நிறைவு செய்தல் வேண்டுமென்பது அவ்வரசின் நோக்கம். இதனை 1912 இல் நினைவுகூர்ந்த ருடோல்ஃப் டீசல், தாவர எண்ணெய்கள் ஒருநாள் பெற்றோலியத்திற்கு நிகரான சிறப்பைப் பெறக்கூடும் என்றார்.

எனினும் தாவர எண்ணெய் தடிப்பு மிக்கது. நாளடைவில் இயந்திரத்திற் கரி படியச் செய்வது. இக்குறையை நீக்கும் வழியைப் பிரசெல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவான் என்பவர் கண்டார். எண்ணெயை அமில ஊக்கியின் துணையுடன் மதுசாரத்தோடு தாக்கமுறச் செய்து, கிளிசரீனைப் பிரித்து, எளிதில் ஓடும் எசுத்தராக்கும் முறைக்கு அவர் 1937 இல் ஆக்கவுரிமை பெற்றார். மறு ஆண்டு பிரசெல்சுக்கும் லூவெனுக்குமிடையே இவ்வெரிபொருளினால் ஒரு பஸ் வண்டி ஓடிற்று.

இவ்வாய்வின் பின்னணியில் நின்றது பெல்ஜியத்தின் ஆட்சிக்குட்பட்ட கொங்கோவின் எண்ணெய்ப்பனையாகும். அங்கு 1911 இல் வில்லியம் லீவர் என்னும் ஆங்கிலச் சவர்க்கார உற்பத்தியாளர் பரந்த நிலங்களில் உரிமை பெற்றார். வரியும் வற்புறுத்தலும் மக்களைக் குலை வெட்டும் தொழிலுக்குத் தள்ளின. பழத்திற்குக் கிடைத்த விலை வீழ்ந்த காலத்தில், 1931 இல், பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தனர், நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். எண்ணெயின் தடிப்பை நீக்கிய இரசாயனவியல், அதனை விளைவித்தோரின் துயரை நீக்கவில்லை.

போருக்குப் பின் மலிந்த பெற்றோலியம் இம்முயற்சிகளை மறக்கச் செய்தது. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அவற்றை மீண்டும் நினைவூட்டிற்று. 2007 இல் பின்லாந்தின் போர்வோ நகரில் நெஸ்டே நிறுவனம் தொடங்கிய ஆலையிலே, ஐதரசனும் உலோக ஊக்கியும் கொண்டு எண்ணெயிலுள்ள ஒட்சிசன் அகற்றப்பட்டது. கிடைத்த பொருள் பெற்றோலிய டீசலையே பெரிதும் ஒத்தது. விலங்குக் கொழுப்பும் பொரித்தெஞ்சிய எண்ணெயும் இம்முறைக்கு உதவும். ஆனால் கழிவு அளவுக்குட்பட்டது. அது போதாவிடத்துத் தேவை மீண்டும் நிலத்தையே நாடும்.

2022 இல் எரிபொருளுக்காக நீண்ட வரிசைகளில் நின்ற நாம், இத்தகைய மாற்றுவழியை எள்ளி ஒதுக்குதல் இயலாது. ஆயின், எவருடைய நிலத்தில், எவருடைய உழைப்பில், எவருடைய உணவை விலையாகக் கொடுத்து அது பெறப்படும் என்ற வினாவை எழுப்புதல் நம் கடனாகும். கொங்கோவின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.