பூனைக்குள் மின்சாரம்!

1789-ம் ஆண்டு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பாரீஸ்! பாஸ்டீல் சிறையை மக்கள் தகர்த்தது, பிரெஞ்சுப் புரட்சி, ஆட்டம் கண்ட சிம்மாசனம்... அதே 1789-ம் ஆண்டைத் தன் முதல் பக்கத்தில் அச்சிட்டுக்கொண்டு லண்டனில் ஒரு புத்தகம் வெளிவந்தது (கடைகளுக்கு வந்தது என்னவோ 1788 டிசம்பரிலேயே!). அதில் ராஜா இல்லை, போர் இல்லை, கில்லட்டின் இல்லை. ஒரு கிராமத்துப் பாதிரியாரின் வீட்டுத் தோட்டம், அதில் வந்துபோன பறவைகள், ஓர் எலிக்கூடு, மண்புழு, நடுவே சில பூனைகள்... அவ்வளவுதான்! இதையெல்லாம் யார் காசு கொடுத்து வாங்கிப் படிப்பார்கள் என்கிறீர்களா? அந்தப் புத்தகம் இன்றுவரை மறுபடி மறுபடி அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

பாதிரியாரின் பெயர் கில்பர்ட் ஒயிட். 1720-ல் பிறந்தவர். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் உள்ள செல்போர்ன் (செல்போன் அல்ல!) அவருடைய ஊர். ஊர் ஜனத்தொகையை அவரே எண்ணி எழுதி வைத்திருக்கிறார். மொத்தம் 676 பேர்! கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால், தம்பி தங்கைகளின் பிள்ளைகள் ஒரு பட்டாளமே இருந்தது. ஆக்ஸ்போர்டில் படித்த மனிதர், பெரிய பதவிகளைத் தேடி அலையாமல் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டார்.

சும்மா தங்கவில்லை. 1751-லிருந்தே தோட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர், 1768-லிருந்து முழுநேரமாக இயற்கை நாட்குறிப்பே எழுத ஆரம்பித்துவிட்டார். இன்று காற்று எந்தத் திசையில், மழை எவ்வளவு, எந்தப் பூ மலர்ந்தது, எந்தப் பறவை வந்தது... இப்படியே இருபத்தைந்து ஆண்டுகள். 1793-ல் இறக்கும்வரை அவர் பேனா ஓயவில்லை.

செல்போர்னின் பனிக்காலம் சாமானியமானது அல்ல. அந்த ஊர்ச் சாலைகள் நூற்றாண்டுக்கணக்கில் வண்டியும் வெள்ளமும் அரித்து, சில இடங்களில் வயல்மட்டத்திலிருந்து பதினாறு, பதினெட்டு அடி பள்ளத்தில் கிடந்தன. பனி விழுந்து அந்தப் பள்ளம் நிரம்பிவிட்டால் அவ்வளவுதான், ஊரே தீவு! கிறிஸ்துமஸ் விடுமுறை என்றால் வீட்டுக்குள் கணப்படுப்பு, ஜன்னல் வழியே தோட்டம், மடியில் பூனை. வேறு போக்கிடம் கிடையாது.

இது வசதி உள்ளவர் கதை. ஏழை வீட்டில்? மெழுகுவத்தி வாங்கக் காசு ஏது! நீரோரம் வளரும் கோரைத் தண்டைப் பறித்துத் தோலுரித்து, பன்றிக் கொழுப்பில் முக்கி எடுத்து அதையே விளக்காக எரிப்பார்கள். ஒயிட் இதற்கும் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு ஃபார்த்திங் (கால் பென்னி!) செலவில் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ஐந்தரை மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்! பறவையை எண்ணியவர் பக்கத்து வீட்டு விளக்கையும் எண்ணியிருக்கிறார், பாருங்கள்.

1776 ஜனவரி. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்ய இன்னும் ஆறு மாதம் பாக்கி. இங்கிலாந்தைப் பனி போட்டுப் புரட்டி எடுத்தது. மனிதனைக் கண்டாலே ஓடும் முயல்கள், பசி தாங்காமல் வீட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து, காலால் பனியைப் பறித்து அடியில் இருந்த செடிகளைத் தின்றன. வானம்பாடிகள் நகரத் தெருக்களில் வந்து உட்கார்ந்தன. காக்கைகள், போகிற வருகிற குதிரைகளின் பின்னாலேயே பார்வையை ஓட்டிக்கொண்டிருந்தன... எதற்கு? சாணம் விழாதா என்றுதான்! பசி வந்திட பத்தும் பறந்துபோகும் என்பது மனிதனுக்கு மட்டும் சொன்னதில்லை போலும்.

அடுத்து வந்தது 1784 டிசம்பர். இதுதான் உச்சம்! 7-ம் தேதி ஆரம்பித்த பனிப்பொழிவு நிற்கவே இல்லை. 9-ம் தேதி காலையில் பார்த்தால், தரையெங்கும் ஓர் அடிக்கு மேல் பனி. அன்று மாலை காற்று ஊசியாகக் குத்த ஆரம்பித்ததும் நம் பாதிரியார் என்ன செய்தார்? போர்த்திக்கொண்டு படுத்தாரா? ஊஹூம்! இரண்டு தெர்மாமீட்டர்களை எடுத்துப்போய் வெளியே தொங்கவிட்டார். ஒன்று மார்ட்டின் என்ற கம்பெனி தயாரிப்பு, இன்னொன்று டோலண்ட்.

மார்ட்டின் தெர்மாமீட்டரில் 4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே கோடே போடவில்லை! மறுநாள் காலையில் பாதரசம் அதற்கும் கீழே இறங்கி, அடியில் இருந்த பித்தளை மூடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. சுவாரஸ்யமான கட்டத்தில் கருவி காலை வாரிவிட்டதே என்று ஒயிட்டுக்கு ஒரே எரிச்சல். நல்லவேளை, டோலண்ட் கைவிடவில்லை. 10-ம் தேதி இரவு பதினொரு மணிக்கு, பூஜ்யத்துக்கும் ஒரு டிகிரி கீழே! நம்ம கணக்கில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கும் கொஞ்சம் அதிகமான குளிர்.

அந்த இரண்டு நாட்களை 'சைபீரிய நாட்கள்' என்றே குறிப்பிடுகிறார் ஒயிட். அப்போதுதான் அவர் வீட்டு ஹாலில் இருந்த பூனை செய்தியானது! தடவினால் உடம்பெல்லாம் மின்சாரம்! சரியான ஏற்பாடு செய்துகொண்டு அதைத் தடவினால், வட்டமாகக் கைகோத்து நிற்கும் ஒரு கூட்டத்துக்கே ஷாக் கொடுக்கலாம் என்று எழுதினார்.

இது என்ன வட்டம், கூட்டம்? அன்றைய ஐரோப்பாவில் அதுதான் ஃபேஷன். 1746-ல் பிரான்ஸின் நோலே என்ற விஞ்ஞானி, மன்னர் பதினைந்தாம் லூயி முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து மின்சாரம் பாய்ச்ச, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளிக் குதித்தார்கள். அரண்மனையில் நடந்த வித்தையை ஒயிட்டின் வீட்டுப் பூனை இலவசமாகவே காட்டத் தயாராக இருந்தது! காரணம் எளிது. கடுங்குளிரில் காற்று காய்ந்துபோகிறது. ரோமத்தில் உராயும்போது உண்டாகும் மின்னூட்டம் ஈரக்காற்றில் என்றால் சீக்கிரம் கசிந்துவிடும். காய்ந்த காற்றில் அப்படியே தங்கிவிடும். நம் ஊர் மழைக்காலப் பூனைகளிடம் இந்த விளையாட்டு பலிக்காது.

அதே இரவில் இன்னொரு அதிசயமும் நடந்தது. பக்கத்தில் குன்றின் மேல் நியூட்டன் என்று ஓர் ஊர் (விஞ்ஞானி அல்ல, ஊர்!). செல்போர்னைவிட 200 அடி உயரம். மேலே போனால் குளிர் அதிகமாகத்தானே இருக்கவேண்டும்? ஆனால், செல்போர்னில் மைனஸ் ஒன்று காட்டிய அதே இரவு பதினொரு மணிக்கு, நியூட்டனில் 17 டிகிரி ஃபாரன்ஹீட்! ஒயிட்டால் நம்பவே முடியவில்லை. அவர்கள் தெர்மாமீட்டர்தான் கோளாறு என்று, தன் தெர்மாமீட்டரை மேலே கொடுத்தனுப்பி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். இரண்டும் ஒரே அளவைக் காட்டின! ஆக, கருவி சரி. தவறு, நம் நினைப்பில்தான். காற்று அசையாத இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிந்து பள்ளத்தாக்கில் தேங்கும் என்பது இன்று வானிலைப் பாடம். செல்போர்ன் தோட்டத்துப் பசுமரங்கள் எல்லாம் கருகிப்போக, நியூட்டனில் அதே ரக மரங்களில் ஓர் இலைகூட உதிரவில்லை.

அந்தக் குளிரில் பனியில் முயல் தடம் தேடிப்போன இருவருக்குக் கால் உறைந்தது. களஞ்சியத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளிகளுக்கு விரல்கள் புண்ணாகி, குணமாகப் பல வாரங்கள் ஆயின. பூனைக் கதையைச் சொன்ன அதே மூச்சில் இதையும் ஒயிட் பதிவு செய்கிறார்.

பூனைகள்மேல் அவருக்குத் தனிக் கவனம் உண்டு. மீன் என்றால் உயிரை விடும் பூனை, தண்ணீரில் கால் நனைக்க மட்டும் ஏன் மறுக்கிறது? தானாகத் தேடிப் பிடிக்கமுடியாத உணவின் மீது இயற்கை எதற்கு இப்படி ஓர் ஆசையை வைத்தது என்று மண்டையைக் குடைந்துகொண்டார்.

அவர் சொல்லும் இன்னொரு சம்பவம் நெஞ்சைத் தொடும். அவருடைய நண்பர் வீட்டுக்கு யாரோ ஒரு முயல்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேலைக்காரர்கள் ஸ்பூனில் பால் புகட்டினார்கள். அதே சமயத்தில் வீட்டுப் பூனை குட்டி போட, அந்தக் குட்டிகளைக் கொன்று புதைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் முயல்குட்டியைக் காணோம். நாயோ பூனையோ தின்றிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, அந்தி நேரத்தில் நண்பர் தோட்டத்தில் உட்கார்ந்திருக்க... வாலை நிமிர்த்திக்கொண்டு, குட்டிகளைக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டபடி பூனை ஓடிவருகிறது. பின்னாலேயே ஏதோ துள்ளிவருகிறது. அட, முயல்குட்டி! குட்டிகளைப் பறிகொடுத்த தாய், இரையாகவேண்டிய உயிருக்குப் பாலூட்டி வளர்த்திருக்கிறது! பால் கட்டிய வலியும் தாய்மையும் சேர்ந்துதான் இப்படிச் செய்யவைத்திருக்கும் என்கிறார் ஒயிட்.

இத்தனை கூர்மையான மனிதரை ஆட்டிப்படைத்த கேள்வி ஒன்று இருந்தது. கோடையில் வானமெங்கும் பறக்கும் தகைவிலான் குருவிகள், குளிர்காலத்தில் எங்கே போகின்றன?

சிரிக்காதீர்கள், அன்று அது பெரிய விவாதம். 1555-ல் ஒலாஸ் மேக்னஸ் என்ற சுவீடன் நாட்டுப் பேராயர், பனிக்கட்டிக்கு அடியிலிருந்து மீனவர்கள் வலைபோட்டு இந்தக் குருவிகளை அள்ளுவதாகப் படமே போட்டுவிட்டார். ஒயிட்டின் கடித நண்பர் பேரிங்டனும், பறவைகள் கடல் தாண்டிப் போகும் என்பதை நம்பாதவர். ஒயிட்டுக்கோ இரண்டு மனசு. கடல் கடக்கின்றன என்று தோன்றும். ஆனால், நவம்பரில் கொஞ்சம் வெயில் அடித்தால் திடீரென்று நாலு குருவிகள் பறக்கின்றனவே, அவை எங்கிருந்து வந்தன?

சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது ஓர் ஆமை! பெயர் டிமத்தி. அத்தையின் வீட்டில் இருந்த அந்த ஆமை, அவர் இறந்தபின் 1780 மார்ச்சில் ஒயிட்டிடம் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஆமையை மண்ணிலிருந்து தோண்டி எடுத்து, 80 மைல் குதிரை வண்டியில் கொண்டுவந்தார். தோட்டத்தில் விட்டதும் இரண்டு நடை நடந்து பார்த்துவிட்டு, மறுபடி மண்ணுக்குள் போய்விட்டது! காது கேட்கிறதா என்று பார்க்க ஒலிகுழாயை வைத்துக் கத்திக்கூடப் பார்த்தார். டிமத்தி கண்டுகொள்ளவே இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் மணிமுள் நகரும் வேகத்தில் குழி தோண்டிப் படுத்தால், ஏப்ரலில்தான் எழும். ஆமை தூங்கும்போது குருவி ஏன் தூங்கக்கூடாது?

1781 ஏப்ரலில் ஆட்களை வைத்து ஊரையொட்டிய சரிவில் இருந்த புதர்களையெல்லாம் கிளறித் தேடினார். ஒரு குருவிகூடச் சிக்கவில்லை. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு மார்ட்டின் குருவி ஊர்த்தெருவில் ஜம்மென்று பறந்துவந்து, ஒரு வீட்டுக் கூரையடிக் கூட்டுக்குள் நுழைந்தது!

விடை தெரியாமலேயே 1793-ல் ஒயிட் கண்ணை மூடினார். அடுத்த ஆண்டே டிமத்தியும் போய்ச் சேர்ந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஆராய்ந்தபிறகுதான் தெரிந்தது, டிமத்தி ஆண் அல்ல, பெண்!

குருவிக் கேள்விக்கு? 1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு தகைவிலானின் காலில் வளையம் மாட்டிவிட்டார்கள். 1912 டிசம்பரில் அதே வளையத்தோடு அது தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலில் அகப்பட்டது. ஒயிட் இறந்து 119 ஆண்டுகளுக்குப் பிறகு!

அப்படியானால் ஒயிட் தோற்றுவிட்டாரா? அதுதான் இல்லை. குருவிகள் தூங்குகின்றன என்று அவர் அடித்துச் சொல்லிவிடவில்லை. புதரில் தேடினேன், கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். மண்புழு இல்லாவிட்டால் நிலமே பாழ் என்று 1777-லேயே அவர் சொன்னதை, பின்னாளில் டார்வின் 1881-ல் தனிப் புத்தகம் எழுதி நிரூபித்தார். எந்தப் பறவை எந்தத் தேதியில் வந்தது, எந்தப் பூ எப்போது மலர்ந்தது என்ற அவருடைய குறிப்புகளை வைத்துத்தான், வசந்தம் இப்போது எத்தனை நாள் முந்தி வருகிறது என்று பருவநிலை ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

மார்கழியில் நம் ஊர் மின்கம்பிகளிலும் வடக்கிலிருந்து வந்த தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். லீவு நாளில் அண்ணாந்து பாருங்கள். பார்த்த தேதியை மட்டும் காலண்டரில் குறித்துவைத்துவிடுங்கள். நாளைக்கு யாருக்கு எது உதவும் என்று யார் கண்டது!