உயிர்மாதிரியும் கரிக்கோலும்: சிங்கப்பூரில் மனித உருவம் வரையக் கற்ற வரலாறு



தோ பாயோ வட்டாரத்தில் தமிழ் கற்பித்து வருவதால், உயர்நிலைப் படிப்பை முடிக்கும் மாணவர்களின் பெற்றோர் அடுத்த படிப்பைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்பதுண்டு. தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா என்பதே பெரும்பாலும் அவர்களது வினா. "ஓவியம் படிக்கப் போகிறேன்" என்று பிள்ளை சொல்லிவிட்ட வீடுகளில் வினா மாறிவிடுகிறது. பிழைப்புக்கு வழி உண்டா என்பது முதலாவது. இரண்டாவதை எவரும் உரக்கக் கேட்பதில்லை. அங்கே ஆடையில்லாத ஆளை முன்னால் நிறுத்தி வரையச் சொல்வார்களாமே, அது மெய்தானா?

மெய்தான். முதல் வினாவுக்கு விடை கூறும் தகுதி எனக்கில்லை. இரண்டாவதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. அவ்வரலாற்றின் சிங்கப்பூர்ப் பகுதியில் ஒரு தமிழர் முன்னிலையில் நிற்கிறார் என்பதைப் பெற்றோர் பலர் அறியார்.

பயிற்சி எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'லைஃப் டிராயிங்' எனப்படுவதை உயிர்மாதிரி வரைதல் என்று இங்கு வழங்குகிறேன். நடுவில் ஒரு மேடை, சுற்றிலும் மாணவர்கள். மாதிரியாக நிற்பவர் அதற்கென ஊதியம் பெறுபவர். ஆணாகவோ பெண்ணாகவோ, இளையவராகவோ முதியவராகவோ இருக்கலாம். முறையாக நடக்கும் வகுப்பில் கதவு சாத்தியிருக்கும். புகைப்படம் எடுக்க அனுமதி இராது. ஓய்வு வேளையில் மாதிரி மேலங்கி அணிந்துகொள்வார். அவர் நிற்கும் நிலையை ஆசிரியர் தொட்டுத் திருத்தாமல் சொல்லால் திருத்துவார். முதலில் அரை நிமிட, ஒரு நிமிட நிலைகள். அந்நேரத்தில் முகமோ விரலோ வரைய இயலாது. உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, தோள் எப்பக்கம் சரிகிறது, முதுகு எங்கே வளைகிறது என்பதைக் கரிக்கோலின் ஒரே வீச்சில் பிடிக்க வேண்டும். பின்னர் இருபது, நாற்பது நிமிட நிலைகள் வரும். அப்போது பென்சிலை நீட்டிய கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தலையின் உயரம் உடலில் எத்தனை முறை அடங்குகிறது என்று அளப்பர். ஒற்றைக் காலில் எடையைத் தாங்கி நிற்பவரின் கழுத்துக் குழியிலிருந்து நூல்குண்டைத் தொங்கவிட்டால், அது அந்தக் காலின் பாதத்தருகே வந்து நிற்பதைக் காண்பர்.

இத்தனை பாடு எதற்கு? புதிதாக வரைபவர் கண்முன் இருப்பதை வரைவதில்லை; தாம் அறிந்ததையே வரைகிறார். கண் என்றால் மீன் வடிவம், கை என்றால் ஐந்து கோடு. தலை பெரிதாகிவிடும்; கைகளும் பாதங்களும் சிறுத்துவிடும். தமிழாசிரியர்களுக்கு இந்நோய் புதிதன்று. படத்தில் மழை பெய்துகொண்டிருக்கும். மாணவரின் கட்டுரையிலோ கதிரவன் தன் பொற்கதிர்களை வீசிக்கொண்டிருப்பான்! மனப்பாடத் தொடரை விடுவித்துப் படத்தைப் பார்க்கவைக்க நாம் படும் பாட்டையே ஓவிய ஆசிரியரும் படுகிறார். அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கொலாயிடஸின் பாடங்கள், அவர் மறைவுக்குப் பின் 1941-இல் நூலாக வெளிவந்தன. தாளைப் பாராமல் உருவத்தின் விளிம்பை மட்டும் பார்த்தபடியே கோடு இழுக்கும் பயிற்சி அதில் முக்கிய இடம் பெறுகிறது. படம் கோணலாகத்தான் வரும். கண் தேறும்.

நம் மரபில் இது இல்லையே என்று கேட்கலாம். நம் மரபுக்கு உடல் புதிதன்று. உடலைக் கற்கும் வழிதான் வேறு. சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தையோ ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்தையோ கடக்கும்போது கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். மேலாடையின்றி நிற்கும் உருவங்களைக் குழந்தைகளுக்குச் சுட்டிக் காட்டித்தானே வணங்கச் சொல்கிறோம்? சிற்பி அவற்றை ஆளை நிறுத்திப் பார்த்துச் செய்வதில்லை. தால அளவுப்படி செய்கிறார். முகத்தின் நீளம் ஒரு தாலம். ஒரு தாலம் பன்னிரண்டு அங்குலம். இவ்வங்குலம் அளவுகோலின் அங்குலம் அன்று, சிலையின் உயரத்தைப் பகுத்துப் பெறுவது. பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில் 124 அங்குலங்கள் உண்டு. பிள்ளையாருக்கு ஐந்து தாலம். நம் சிற்பி சாத்திரத்தில் அளந்ததை மேலை ஓவியர் கண்ணால் அளந்தார். இரு மரபிலும் தலையும் முகமுமே அளவுகோலாக இருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

கண்ணால் அளக்கும் முறைக்கு ஐரோப்பாவிலும் எளிதில் இடம் கிடைத்துவிடவில்லை. லண்டன் ராயல் அகாடமியில் மாணவியர் உயிர்மாதிரி வகுப்பில் அமர 1893 வரை காத்திருந்தனர். அப்போதும் மாதிரி ஓரளவு ஆடை அணிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மகளை ஓவியம் படிக்க அனுப்பத் தயங்கும் பெற்றோர் கவனிக்க: அக்கதவு மூடியிருந்தவரை பெரிய உருவ ஓவியங்கள் வரையும் வாய்ப்பும் பெண்களுக்கு ஏறத்தாழ மூடியே இருந்தது.

தமிழகத்தில் இக்கல்வி வேரூன்றிய இடம் சென்னைக் கலைப்பள்ளி. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய அப்பள்ளி நெடுங்காலம் கைத்தொழில்களுக்கே முதலிடம் தந்தது. அதன் முதல் இந்தியத் தலைவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் காலத்தில்தான் நுண்கலை மேலோங்கியது. மெரினா கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் படைப்பே. பாறையை நெம்பும் அந்நால்வரின் முதுகையும் தொடையையும் பார்த்தவர்க்கு உயிர்மாதிரிப் பயிற்சியின் பயனை விளக்க வேண்டியதில்லை. அவரிடம் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்.

சிங்கப்பூருக்கு இக்கல்வி வந்த வழி வேறு. அது ஷாங்ஹாய் வழியாகவும் பாரிஸ் வழியாகவும் வந்தது. ஷாங்ஹாயில் 1912-இல் கலைப்பள்ளி தொடங்கிய லியூ ஹைசூ உயிர்மாதிரிகளை வகுப்புக்குக் கொண்டுவந்தார், ஊரே எதிர்த்தது. 1926-இல் அப்பகுதியை ஆண்ட படைத்தலைவர் சுன் சுவான்பாங் தடையே விதித்தார். நம் பெற்றோரின் தயக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஷாங்ஹாயிலும் பாரிசிலும் பயின்று, லியூ ஹைசூவின் பள்ளியிலேயே கற்பித்த லியூ காங் பின்னாளில் சிங்கப்பூரில் குடியேறினார். இங்கே 1938-இல் லிம் ஹக் தாய் நிறுவிய நன்யாங் நுண்கலைக் கழகம் சீனத்திலிருந்து வந்த ஓவியர் பலருக்கு ஆசிரியர் பணி தந்தது. நியூயார்க்கிலும் பாரிசிலும் பயின்ற ஜார்ஜெட் சென் என்ற பெண்மணி 1954 முதல் 1980 வரை அங்குக் கற்பித்தார். 1952-இல் லியூ காங், சென் சோங் ஸ்வீ, சென் வென் ஷி, சியோங் சூ பியெங் ஆகிய நால்வரும் பாலித் தீவுக்குச் சென்று மக்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தது நம் கலை வரலாற்றில் பெருநிகழ்ச்சி. அப்பயணத்தை வைத்து லியூ காங் 1954-இல் தீட்டிய 'ஓவியரும் மாதிரியும்' என்ற படத்தில், பாலிப் பெண் ஒருத்தியைச் சென் வென் ஷி அமர்ந்து வரைகிறார். வரையப்படுபவளோடு வரைபவரும் அங்கே வரையப்பட்டிருக்கிறார்.

இனி நம்மவருக்கு வருவோம். சோலமலை நமசிவாயம் 1926-இல் இந்தியாவில் பிறந்து, சிங்கப்பூரில் வாழ்ந்து, 2013-இல் மறைந்தவர். ஓவியர் என்பதோடு ஆசிரியர்களுக்கு ஆசிரியர். பள்ளிகளில் ஓவியம் கற்பிக்கப் போகிறவர்களைப் பயிற்றுவித்தார், பின்னர்க் கலைக்கல்லூரிகளிலும் கற்பித்தார். இயற்கைக் காட்சியும் ஆற்றங்கரைப் படகும் எளிதில் விலைபோகும் ஊரில், அவர் மனித உருவத்தையே தம் வாழ்நாட்பொருளாகக் கொண்டார். லியூ காங், சகோதரர் ஜோசப் மெக்நேலி, சிற்பி இங் எங் தெங், கலைக்கல்வியாளர் சியா வாய் ஹோன் முதலியோருடன் சேர்ந்து 'குழு 90' என்ற அமைப்பிலும் அவர் முன்னின்றார். ஆடையற்ற மனித உருவத்தை வரைவதும், வரைந்ததைப் பொதுமக்கள் முன் வைப்பதுமே அக்குழுவின் நோக்கம். அதில் இருந்தவர்களைக் கவனியுங்கள். மெக்நேலி கத்தோலிக்கத் துறவி. 1984-இல் அவர் தொடங்கிய கலை நிலையமே இன்றைய லாசால் கலைக் கல்லூரி. துறவியும் தமிழாசானும் சீனப் பெரியவரும் ஒரே உருவத்தைச் சுற்றி அமர்ந்து கரிக்கோல் பிடித்திருக்கிறார்கள் என்றால், அதை ஒழுக்கக்கேடு என்று எளிதாகச் சொல்லிவிட முடியுமா? நமசிவாயத்தின் பெயர் நம் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெறத் தக்கது என்பது என் கருத்து.

வகுப்பறையோடு இப்பயிற்சி முடிவதில்லை. கலை மாணவர்கள் எப்போதும் ஒரு வரைபுத்தகம் வைத்திருப்பர். கண்ணில் பட்டவரையெல்லாம் வரைவர். அதற்குத் தோ பாயோவைப் போன்ற இடம் அரிது. 1960களின் நடுப்பகுதியில் எழும்பத் தொடங்கிய பழைய வீவக நகரமாதலால் இங்கு முதியோர் மிகுதி. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சீனச் சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள் ஒரு காய் நகர்த்தப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வர். ஊதியமின்றி வாய்த்த நல்ல மாதிரிகள்! உணவங்காடியில் தட்டேந்தி இடம் தேடுபவர் ஒரு நொடி நிலை. பேருந்துக்காகக் காத்திருப்பவர் ஐந்து நிமிட நிலை.

பிள்ளையைக் கலைப்படிப்பில் சேர்ப்பதா என்று எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு தேசிய கலைக்கூடத்துக்குச் சென்று வரலாம். கல்லூரியின் அறிமுக நாளில், உயிர்மாதிரி வகுப்புக்கு என்னென்ன விதிகள் உள்ளன என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல ஆசிரியர் அக்கேள்வியை மகிழ்வோடு ஏற்பார். அதற்கு முன், வீட்டில் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும் தாத்தாவை வரைந்து காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அசையாதிருக்க அவரை இசையவைப்பது உங்கள் பொறுப்பு.